கடலுக்கு முந்நூறு அடி

மனிதன் ஓய்வெடுப்பதை அவனவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் நாடு உருப்படாது என்று எழுபத்தாறாம் வருஷம் யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தோன்றிவிட்டது. பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி ஊரெல்லாம் சுவரில் எழுதியிருந்த காலம் அது. வேலை செய்கிறவனைக் கண்காணிக்க ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருந்தார்கள். சும்மா இருக்கிறவனைக் கண்காணிக்கத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ‘மாவட்ட ஊழியர் ஓய்வு ஊக்குவிப்பு வாரியம்’ பிறந்தது. பிறந்த ஆறே மாதத்தில் அதற்கு ஒரு செயலாளர், இரண்டு துணைச் செயலாளர்கள், ஒரு ஜீப், ‘ஓய்வும் கடமையே’ என்று எழுதிய பலகைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாம் வந்த பிறகு, போனால் போகிறது என்று ஓய்வெடுக்க ஓர் இடத்தையும் கட்டினார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற சாலையில் இருந்தது அந்த இடம். பெயர் கடலோர ஓய்வு இல்லம். கடல் சாலைக்குக் கிழக்கே இருந்தது, இல்லம் மேற்கே இருந்தது. நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்று கிழக்குப் பக்கம் ஜன்னலே வைக்கவில்லை. வாசலில் நின்றால் அலைச் சத்தம் நன்றாகக் கேட்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படாது. அளந்து பார்த்தால் வாசலிலிருந்து கடல் முந்நூறு அடிதான்.

செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் பழைய கட்டுகளைத் தூசி தட்டி அடுக்குகிற தாவீதுக்கு இந்த இல்லத்தில் மூன்று நாள் தங்க அனுமதி கிடைத்தது. தாவீது பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியன். வருகிற ஜூலையில் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் ஏழாவது பெயர் அவனுடையது. ஒரே ஒரு மெமோ வந்தால் போதும், அந்தப் பெயர் காணாமல் போய்விடும். அவன் அப்பாவும் மாமனாரும் ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அந்த வம்சத்தில் அவன்தான். ஆகவே அலுவலகத்தில் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவான்.

கல்யாணமான புதிதில் அவன் மனைவி சாராளிடம் கடலைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். பதின்மூன்று வருஷம் ஆயிற்று. செங்கல்பட்டிலிருந்து கடல் பதினெட்டு மைல். அவனுக்கு லீவு கிடைத்தால் அவளுக்குக் கிடைக்காது. பிரசவ விடுதியில் ஆயா வேலை அவளுக்கு. பிள்ளை பெறுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்தா பெறுகிறார்கள்? இரண்டு பேருக்கும் கிடைத்த ஒரு வருஷம் பெரிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. இந்த முறை சாராள் மூன்று வாரம் மற்றவர்களின் முறையையும் சேர்த்துப் பார்த்து மூன்று நாள் லீவு வாங்கினாள். பெண்கள் இருவரையும் அவள் தங்கை வீட்டில் விட்டாயிற்று.

வாரியத்தின் விண்ணப்பத்தில் நான்கு பக்கம். ‘களைப்பாக இருக்கிறீரா? ஆம் எனில் எவ்வளவு காலமாக? இதுவரை ஏன் ஓய்வெடுக்கவில்லை?’ என்று கேள்விகள். கூடவே டாக்டர் சான்றிதழும் வேண்டும். களைப்பு இருக்கிறது, ஆனால் நோய் இல்லை என்று டாக்டர் எழுத வேண்டும். நோய் இருந்தால் அது வேறு வாரியம். டாக்டர் தாவீதின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கச்சிதமாகக் களைத்த ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று மனம் விட்டுப் பாராட்டினார்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை பஸ் ஏறினார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தமாக ஏறியது. மாமல்லபுரத்தில் அவர்கள் இறங்க, காலி மீன் கூடைகள் ஏறின. சாராளுக்கு நிற்கத்தான் இடம். அவள் முகத்துக்கு நேரே ஒரு கூடை, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று.

“கடல் வந்துச்சா? வந்துச்சா?” என்று கூடைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

“அவசரப்படாத. மூணு நாளு கீது. திகட்டத் திகட்டப் பாக்கலாம்” என்றான் தாவீது.

இல்லத்தின் வாசலில் இறங்கியதும் ஒரு மனிதர் ஓடிவந்து தாவீதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் தாடி. சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. பின்னால் அவர் மனைவி கையில் மூட்டையோடு தயாராக நின்றிருந்தாள்.

“வந்துட்டியா நைனா! நீ நல்லா இருப்ப. உன் புள்ளைங்க நல்லா இருக்கும்” என்றார் அவர். கண்ணில் தண்ணீர். பெயர் முனிசாமி என்றும், அச்சிறுபாக்கத்தில் ஜீப் டிரைவர் என்றும், தன் சம்சாரத்தின் பெயர் வேண்டா என்றும் ஒரே மூச்சில் சொன்னார். ஓய்வெடுத்தால் மனிதன் இவ்வளவு அன்பாகிவிடுவானா என்று தாவீதுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இல்லத்தின் மேற்பார்வையாளர் வாசுதேவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடித்த பதிவேட்டுடன் வந்தார். “முதல்ல சார்ஜ் எடுத்துக்குங்க” என்றார்.

சார்ஜ் என்றால் அரசு ஊழியனுக்குப் புதிதல்ல. போகிறவன் வருகிறவனிடம் நாற்காலி, மேஜை, சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதுதான். அதை ஓய்வெடுக்கிற இடத்தில் செய்வார்கள் என்றுதான் தாவீது எதிர்பார்க்கவில்லை. இல்லத்தில் இருந்தது ஒரே அறை, அதில் முப்பத்தேழு பொருட்கள். கயிற்றுக் கட்டில்கள், தலையணைகள், மூடியில்லாத கூஜா, ஐந்து கண்ணாடி டம்ளர்கள், ஆறாவது டம்ளரின் அடிப்பாகம். முப்பத்தாறு பொருள் வரை சுமுகமாகப் போயிற்று. கொசுவலையில்தான் தகராறு. அதிலிருந்த ஓட்டை பதிவேட்டின்படி நாற்பத்தொன்று. தாவீது இரண்டு தரம் எண்ணினான். நாற்பத்து மூன்று வந்தது.

முனிசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டே ரெண்டு ஓட்டை நைனா. அதுக்கோசரம் என்னைச் சாவடிக்காத. உன் தங்கச்சி மாதிரி, இந்த வேண்டாவுக்குத் தச்சுப் போட ஊசி கெடைக்கல.”

தாவீதுக்கு இளகிய மனசு. தவிர, பதினோரு வருஷப் பழக்கம் ஒன்று அவன் கையிலேயே ஊறியிருந்தது. பெரியவர்கள் விரல் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது மரியாதைக் குறைவு. வாசுதேவன் விரலால் காட்டினார், தாவீது போட்டான். மை காய்வதற்குள் முனிசாமி சாலையில் இருந்தார். வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மனைவியை உள்ளே தள்ளி, படியில் தொங்கியபடி, “மன்னிச்சுக்க நைனா!” என்று கத்திக்கொண்டே போனார். எதற்கு மன்னிப்பு என்று தாவீதுக்குப் புரியவில்லை.

சாராள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரமாக அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், அவன் வந்ததும் எழுந்தாள். இருவரும் கேட்டைத் திறந்தார்கள்.

“எங்கே?” என்றார் வாசுதேவன்.

“கடலுக்கு சார்.”

“அம்மா போகலாம். நீங்க போகக் கூடாது. பதினாலாவது விதி. சார்ஜ்ல இருக்கிறவர், அடுத்தவர் வந்து சார்ஜ் எடுக்கிற வரைக்கும் வளாகத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!”

தாவீது சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

“போன வருஷம் ஒருத்தர் குளிக்கப் போனார் தாவீது. கூஜா மூடியை எடுத்துட்டுப் போய் அலையில விட்டுட்டார். கடல் வாங்கிட்டுப் போச்சு. கடல்கிட்ட நான் எந்த ரசீதைக் கேட்பேன்? அதுக்கப்புறம் வந்த விதி இது. நான் உங்களைத் தடுக்கலை. தாராளமாப் போங்க. பொறுப்பை விட்டுட்டு ஓடினார்னு உங்க ஆபீசுக்கு ஒரு வரி எழுதுவேன், அவ்வளவுதான்.”

தாவீதின் கண்முன்னே பட்டியலும் அதில் ஏழாவது பெயரும் வந்து நின்றன. தூக்கிய காலைக் கேட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டான்.

“நீயாவது போய்ப் பாத்துட்டு வா சாரா” என்றான்.

“நான் மட்டும் போயி இன்னாத்துக்கு? உன்கூட பாக்கணும்னுதான் வந்தேன். நாளைக்கு எதுனா வழி பொறக்கும்” என்றாள் அவள். செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது சுவரில் ஓய்வுக்கான கால அட்டவணை தெரிந்தது. ஆறு மணிக்கு வளாகத்துக்குள் உலாவுதல். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கட்டாயப் படுக்கை. நான்கிலிருந்து ஐந்து வரை மகிழ்ச்சி. ஒவ்வொன்றும் முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தரைக்கு வாசுதேவன் எட்டிப் பார்த்து, தாவீது கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பதைக் கண்டு வருத்தப்பட்டார். அப்படிப் படுத்தால் பாதி ஓய்வாகத்தான் பதிவு செய்ய முடியுமாம். வராந்தாவில் அழகான ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அது ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளுக்கானது. வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் தாவீதுடையதுதான்.

சௌகரியமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காத காற்று அங்கே வந்தது. மத்தியானம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மாரியம்மா என்கிற மீன்காரி கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கினாள். சங்கரா மீனை அவளே ஆய்ந்து கொடுத்தாள். சாராள் வைத்த குழம்பில் மூன்று கவளம் சாப்பிட்டதும் தாவீதுக்கு வாழ்க்கை ஒன்றும் மோசமில்லை என்று தோன்றியது. நான்காவது கவளத்தில் அலைச் சத்தம் கேட்டது, சோறு இறங்கவில்லை.

மாரியம்மாவுக்கு விஷயம் விளங்கவே நேரமாயிற்று. “இன்னா அண்ணாத்த இது அக்குறும்பா கீது? கடலப் பாக்க வந்துட்டு கேட்டப் பாத்துகினு குந்திகினு கீற! முன்ன இருந்த தாடிக்காரரும் இப்டித்தான். பத்தொம்போது நாளு.”

“எத்தினி நாளு?”

“பத்தொம்போது. மூணு நாளுன்னு சொல்லித்தான் அவரும் வந்தாரு.”

தாவீது கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முனிசாமி எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்பது அப்போது புரிந்தது. கோபம்கூட வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்போமா என்று யோசித்தான்.

சாராள்தான் ஒரு யோசனை சொன்னாள். “சார், முப்பத்தேழு சாமானையும் தூக்கிகினு போயி கரையில வெச்சிக்கறோம். இவரு சாமான் பக்கத்துலதான இருப்பாரு? அப்பால இன்னா?”

வாசுதேவன் இதை வெகு நேரம் நேர்மையாக யோசித்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கட்டிலை எடுத்துப் போவதை ஒன்பதாவது விதியும், கொசுவலையைக் காற்றில் பிரிப்பதைப் பதினொன்றாவது விதியும் தடுத்தன. “நல்ல யோசனைதான்மா. விதிதான் இடம் கொடுக்கலை” என்று உண்மையான வருத்தத்துடன் சொன்னார். “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் இங்கே வந்து எட்டு மாசம் ஆச்சு. நிலையான சார்ஜ் என் பேர்லதான் இருக்கு. நானும் இன்னும் பார்க்கலை.”

சாயங்காலம் மாரியம்மா ஒரு குடம் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து கேட்டுக்கு மேலே நீட்டினாள். “கால நனைச்சுக்கமே. அலதான் இல்ல, மத்தபடி அதே தண்ணிதான்” என்றாள். சாராள் அதை வாளியில் ஊற்றி வைத்துக்கொண்டு பார்த்தாள். தொடவில்லை. வாளியில் பார்ப்பதற்காகவா பதின்மூன்று வருஷம் காத்திருந்தாள்! தாவீதுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணி நான்கரை, அது மகிழ்ச்சி நேரம் என்பதால் அடக்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை, அடுத்த ஆள் வரவில்லை. ஜீப் வந்தது. வாரியச் செயலாளர் தர்மராஜ் இறங்கினார். நேராகச் சாய்வு நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டு, எதிரில் நின்ற மூன்று பேரையும் முந்நூறு பேராகப் பாவித்துப் பேச ஆரம்பித்தார்.

“ஊழியர் பெருமக்களே! உழைப்பவனுக்கு ஓய்வு கொடுத்த முதல் வாரியம் நம் வாரியம். இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் இங்கே ஓய்வெடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் தலை நிமிர்ந்து பதில் சொல்வேன். நான்கு பேர்! குறைவு என்று சிலர் முணுமுணுக்கலாம். ஆனால் கூஜா மூடிக்குப் பிறகு ஒரு பொருள் காணாமல் போயிருக்கிறதா? ஒரு டம்ளர் உடைந்திருக்கிறதா? ஆள் வராமல் இருந்தால் இன்னும் சிறப்பாக நடத்தலாம் என்று என் துணைச் செயலாளர்கள் சொல்கிறார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஓய்வு இல்லத்துக்கு ஒரு ஆளாவது வேண்டும் என்பது என் கொள்கை. குறைகள் இருந்தால் அச்சமின்றிச் சொல்லலாம்.”

தாவீது மிகுந்த அச்சத்துடன் முன்னால் வந்தான். “ஐயா, ஒரு அரை மணி நேரம். வீட்டுக்காரிக்கிட்ட கடலைக் காட்டிட்டு வந்துடறேன்.”

செயலாளர் முகத்தில் கருணை பொங்கியது. “தம்பி, ஓய்வு கடலிலா இருக்கிறது? அது ஒரு நிமிஷம் சும்மா இருக்கிறதா, பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கும் சும்மா இருக்க முடியாது. இருந்தாலும் ஊழியரின் உணர்வை வாரியம் மதிக்கிறது.” ஜீப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து வரச் சொன்னார். வேறெங்கோ திறப்பு விழாவுக்குக் கொண்டுபோகிற படம். நீலமாக ஒரு கடல், அதில் இரண்டு படகுகள். அதை அறையில் மாட்டினார்கள். வாசுதேவன் உடனே அதைப் பதிவேட்டில் முப்பத்தெட்டாவது பொருளாக எழுதி விரலால் காட்டினார், தாவீது கையெழுத்துப் போட்டான்.

“ஐயா, இவருக்கு அப்பால யாரு வராங்க? எப்ப வருவாங்க?” என்று சாராள் கேட்டாள்.

“அறை காலியானதும் அடுத்தவருக்கு அனுமதி கொடுப்போம்மா.”

“அடுத்தவரு வந்தாத்தான இவரு காலி பண்ண முடியும்?”

“சரியாகச் சொன்னாய். அதுதான் ஒழுங்கு.”

“அப்போ இவரு எப்டி வந்தாரு? அந்தத் தாடிக்காரரு உள்ள இருக்க சொல்லோதான எங்களுக்கு லெட்டர் வந்துச்சு?”

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. “நல்ல வேளை கேட்டாய். அறையில் ஆள் இருக்கும்போதே உன் கணவருக்கு அனுமதி கொடுத்தது பெரிய தவறு. செய்த குமாஸ்தாவைக் கண்டுபிடித்து நேற்றே தூக்கி அடித்துவிட்டேன். கவலைப்படாதே. அந்தத் தவறு இனி ஒரு நாளும் நடக்காது.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. தாவீது வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். உலகத்தில் அவனை வெளியே விடக்கூடிய ஒரே மனிதனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தப்புச் செய்கிற அந்தக் குமாஸ்தாவின் பெயர்கூடத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் சாராள் புடவையை மடித்துப் பையில் வைத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் பிரசவ விடுதியில் இருக்க வேண்டும்.

“இப்பவாவது ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுப் போயேன். பஸ் வர நேரம் கீது” என்று கெஞ்சினான் தாவீது.

“வேணாம். பாத்துட்டேன்னா அப்புறம் நீ கூட்டிகினு போவ மாட்ட.” பையின் வாயைக் கட்டிவிட்டு, “பொண்ணுங்க கேட்டா இன்னா சொல்றது?” என்றாள்.

“கடல் ரொம்பப் பெருசா இருந்துச்சின்னு சொல்லு.”

கல்பாக்கத்திலிருந்து பஸ் வந்து கேட்டருகே நின்றது. இந்த முறை கூட்டமே இல்லை, எத்தனையோ இடம் காலி. சாராள் ஏறி, கேட்டுப் பக்கமாக இருந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். “வேளைக்கு சாப்புடு” என்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வடக்கே நகர்ந்தது.

கூடையோடு வந்து நின்ற மாரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயே, சொல்ல மறந்துட்டேனே! தோ, எங்க குப்பத்தாண்ட தோப்பு கெடையாது அண்ணாத்த. பஸ்ஸுல குந்திகினே கடலு ஃபுல்லா தெரியும். அந்தாண்ட ஜன்னல்ல குந்த சொல்லியிருக்கலாமே!”

தாவீது கேட்டின் மேல் ஏறினான். “சாரா! அந்தாண்ட பாரு! அந்தாண்ட!” என்று தொண்டை கிழியக் கத்தினான். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கிழக்கே காட்டினான், திரும்பத் திரும்பக் காட்டினான். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. தோப்பு முடிகிற இடத்தில் பஸ் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்த நாலைந்து தலைகளும் வலது பக்கம் திரும்பின. சாராள் மட்டும் இடது ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, அவன் டாட்டா காட்டுகிறான் என்று நினைத்து, பஸ் வளைவில் மறைகிற வரை அவனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.